சிங்கப்பூர், பினாங்கு: எதை எங்கே, எந்த நேரத்தில் சாப்பிடுவது

உங்கள் கேள்வி இது: சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து மலேசியாவின் பினாங்குத் தீவு, பினாங்கிலிருந்து நேராகச் சென்னை. மொத்தம் ஆறு நாள். நீங்களும் கணவரும் எல்லாம் சாப்பிடுவீர்கள். கூட வரும் அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். "ரெண்டு ஊர்லயும் அதே நூடுல்ஸும் அதே லக்ஸாவும்தானே, எதுக்கு ரெண்டு ஊர்?" என்று உறவினர் ஒருவர் கேட்டுவிட, பினாங்கை வெட்டிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். (லக்ஸா என்பது குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்.)

வெட்டாதீர்கள். பெயர்ப் பலகையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், தட்டில் வருவது வேறு. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்த இரண்டு ஊரிலும் சாப்பாட்டுத் திட்டத்தைக் கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். ஒரு கடைக்காரர் பெரும்பாலும் ஒரே ஒரு பண்டத்தைத்தான் செய்வார். காலையில் போடுபவர் மதியத்துக்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுவார். இரவில் போடுபவர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். 'தவறவிடக்கூடாத பத்து உணவுகள்' என்று இணையத்தில் எடுத்த பட்டியலோடு மதியம் 3 மணிக்கு, மூடிய ஷட்டர் முன்னால் நிற்கும் நம் ஊர்க் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் நீண்ட வார இறுதி கிடைத்தாலே பினாங்குக்கு ஓடிவிடுவேன். அதனால் என் பதிலில் பினாங்குப் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேண்டும், அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் எடுக்கலாம். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள்வரை விசா விலக்கு கொடுக்கிறது. அதை 2026 இறுதிவரை நீட்டித்திருக்கிறார்கள். இரண்டு நாட்டுக்கும் வருகை அட்டையை ஆன்லைனில், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதிலாவது போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். விதிகள் மாறும், கிளம்புகிற வாரம் ஒருமுறை அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள். பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன் கோலாலம்பூரில் இறங்கி மாற வேண்டும், ஒரு நாள் வீணாகும். உங்கள் வரிசை சரியான வரிசைதான், மாற்ற வேண்டாம். முதலில் சிங்கப்பூர், பிறகு பினாங்கு. பினாங்கில் சாப்பிட்டுவிட்டு சிங்கப்பூர் போனால் விலையைப் பார்த்து வயிறு எரியும்.

சென்னையிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் விமானத்தை எடுத்தால் நாலு, நாலரை மணி நேரத்தில் சிங்கப்பூரின் விடியற்காலையில் இறங்குவீர்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விமானத்தில் சாப்பாட்டுக்குத் தனியாகப் பணம் கட்டாதீர்கள், தூங்கிவிடுங்கள். இறங்கியதும் ஊருக்குள் ஒரு காப்பிக்கடைக்குப் போங்கள்.

அங்கே காப்பி போடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்திருப்பார்கள். அதனால் தூள் கருகருவென்று இருக்கும். நீளமான துணி வடிகட்டியில் அதைப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, ஒரு உயரமான குவளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி இழுப்பார்கள். கோப்பையின் அடியில் கெட்டிப்பால் ஒரு விரற்கடை உயரத்துக்கு வெள்ளையாகக் கிடக்கும், மேலே டிகாக்‌ஷன் விழும். கலக்காமல் குடித்தால் மேலே கசப்பு, கடைசி வாயில் பாயசம். 'கோப்பி' என்றால் கெட்டிப்பால் போட்டது. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'கோப்பி சி' என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். பின்னால் 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை கிடையாது, 'சியூ தாய்' என்றால் குறைவு, 'பெங்' என்றால் ஐஸ். டீக்கும் இதே கணக்குதான், கோப்பிக்குப் பதில் 'தே'. அம்மாவுக்கு 'தே ஹாலியா' சொல்லுங்கள், இஞ்சி டீ. அது நம்மவர்களின் சரபத் கடைகளில், அதாவது டீக்கடைகளில், நன்றாக இருக்கும்.

காப்பியோடு காயா டோஸ்ட். தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை, வாசனைக்குப் பாண்டான் இலை சேர்த்துக் கிளறிய ஜாம்தான் காயா. கரியிலோ கிரில்லிலோ சுட்ட மெல்லிய ரொட்டிக்கு நடுவில் அதைத் தடவி, உருகாத வெண்ணெய்த் துண்டு ஒன்றை வைத்துத் தருவார்கள். கூடவே அரைவேக்காட்டு முட்டை இரண்டு. அதைச் சாசரில் உடைத்து, கறுப்பு சோயாவும் வெள்ளை மிளகுத்தூளும் போட்டு, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும், ஆனால் கணவருக்குப் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அம்மாவுக்கு இது ஆகாது. அவருக்குச் சாதா வெண்ணெய் டோஸ்ட்.

அடுத்து உணவங்காடி நிலையம், அதாவது ஹாக்கர் சென்டர். தெருவில் தள்ளுவண்டி வைத்திருந்தவர்களை 1970களில் தொடங்கி 1986 வரை அரசாங்கம் படிப்படியாக அப்புறப்படுத்தி, குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் உள்ள கூரைகளுக்குக் கீழே கொண்டுவந்தது. அப்படிப்பட்ட நிலையங்கள் இன்று நூற்றுக்கு மேல் இருக்கின்றன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த ஹாக்கர் கலாசாரத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஒரு வரிசையில் சீனர் கடை, பக்கத்தில் மலாய்க்காரர் கடை, அதற்குப் பக்கத்தில் தமிழ் முஸ்லிம் கடை. ஒரே மேசையில் மூன்றையும் வாங்கி வைத்துச் சாப்பிடலாம். உங்கள் குடும்பத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

நடைமுறை என்று சில உண்டு. காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது காலியில்லை, யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள். நீங்களும் பிடிக்கலாம். சாப்பிட்டபின் தட்டை எடுத்துக்கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம். தட்டு வைக்கும் இடத்தில் ஹலால், ஹலால் அல்லாதது என்று இரண்டு பிரிவு இருக்கும், மாற்றி வைத்துவிடாதீர்கள். கையில் சில்லறை வெள்ளி வைத்திருங்கள் (டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள்). உள்ளூர்க்காரர்கள் போனில் கட்டிவிட்டுப் போவதைப் பார்த்து, நம் கார்டு எல்லாக் கடையிலும் போகும் என்று நம்ப வேண்டாம். இன்னொன்று: நிலையம் முழுவதையும் சில மாதத்துக்கு ஒருமுறை கழுவுவதற்காக மூடுவார்கள். தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். தனிக் கடைகளுக்கு வார விடுமுறை வேறு உண்டு, திங்கட்கிழமை அடைத்துக் கிடக்கும் கடைகள் நிறைய.

முதல் நாள் மதியம், சைனாடவுன் பக்கத்தில் மேக்ஸ்வெல் உணவங்காடி. அங்கே ஹைனான் கோழிச் சோறு. இதை நம்மவர்கள் முதல்முறை பார்த்ததும் ஏமாந்துபோவார்கள். வெளுத்த கோழி, வெளுத்த சோறு, மசாலா எங்கே என்று தேடுவார்கள். கோழியைக் கொதிக்காத சூட்டில் வேகவைத்து, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கி எடுப்பதால் தோலுக்கும் சதைக்கும் நடுவில் ஜெல்லி மாதிரி ஒரு படலம் இருக்கும். விஷயம் சோற்றில்தான் இருக்கிறது. அரிசியைக் கோழிக் கொழுப்பில் இஞ்சி, பூண்டோடு வதக்கி, கோழி வெந்த தண்ணீரிலேயே பாண்டான் இலை போட்டு வேகவைத்திருப்பார்கள். எலுமிச்சை பிழிந்த மிளகாய்ச் சட்னியைத் தொட்டுக்கொண்டால் மசாலா ஞாபகமே வராது. அங்கே தியன் தியன் என்ற கடைக்கு உலகப் புகழ். வரிசை நீளமாக இருந்தால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். வித்தியாசம் கண்டுபிடிக்க உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும்.

மாலையில் லாவ் பா சாட். 1894இல் கட்டிய எண்கோண வடிவச் சந்தை, வார்ப்பிரும்புத் தூண்கள். கட்டடம் அழகு, உள்ளே இருக்கும் கடைகள் சுமார் ரகம். ஆனால் ஏழு மணிக்குப் பக்கத்துத் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு சத்தே, அதாவது குச்சியில் குத்திக் கரியில் சுட்ட இறைச்சி, போடுவார்கள். வானளாவிய வங்கிக் கட்டடங்களுக்கு நடுவில் கரிப்புகை. பத்துக் குச்சி போதும், அங்கேயே வயிற்றை நிரப்ப வேண்டாம்.

இரண்டாம் நாள், தேக்கா, அதாவது குட்டி இந்தியா. அங்கே ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன் தலைக்கறி சாப்பிடுங்கள். சிங்கப்பூரில் பிறந்த பண்டம் இது. 1949இல் எம்.ஜே. கோமஸ் என்ற கேரளத்துக்காரர் தொடங்கிவைத்தது என்று சொல்வார்கள். சீனர்களுக்கு மீன் தலை என்றால் உயிர். அதை நம் புளிக்குழம்பில் போட்டு, வெண்டைக்காயும் கத்தரிக்காயும் சேர்த்து, வாழையிலையோடு பரிமாறினார். இரண்டு தரப்பும் பிடித்துக்கொண்டன. ஒரு தலை மூன்று பேருக்கு வரும். நீங்கள் இரண்டு பேர்தான் சாப்பிடுவீர்கள் என்பதால் சிறிய அளவு கேளுங்கள்.

அந்த நேரத்தில் அம்மாவை சிராங்கூன் சாலையில் கோமள விலாஸில் உட்கார வைக்கலாம். 1947லிருந்து இருக்கும் கடை. ஆனந்த பவன் இன்னும் பழையது, 1924. ஆனால் ஒரு யோசனை: அம்மாவுக்கு மூன்று வேளையும் இட்லி தோசையே வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டிவராதீர்கள். சீனச் சைவக் கடை என்று ஒன்று உண்டு. பௌத்த முறைப்படி சமைப்பவர்கள், பலர் வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. காலையில் சைவ பீஹூன் கேளுங்கள். மெல்லிய அரிசிச் சேவையை வதக்கி, மேலே முட்டைக்கோஸ், காளான், மொறுமொறுப்பாகப் பொரித்த சோயாத் தோல். நம் சேமியா உப்புமா மாதிரி கையில் ஒட்டாமல் உதிரியாக இருக்கும். விலையும் குறைவு. கண்ணாடிப் பெட்டியில் 'கோழி', 'வாத்து' போலவே செய்து வைத்திருப்பார்கள், அம்மா முகம் சுளிக்கலாம். அது கோதுமையும் சோயாவும்தான்.

கிளம்புவதற்கு முன் ஒரு லக்ஸா. கிழக்கே காத்தோங் பக்கம் போனால் தேங்காய்ப்பால் குழம்பு, காய்ந்த இறால் பொடி, சிப்பிச் சதை. நூடுல்ஸை வெட்டிப் போட்டிருப்பார்கள், வெறும் கரண்டியால் சாப்பிடுவது. இந்த ருசியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பினாங்கில் தேவைப்படும்.

சாங்கி விமான நிலையத்தில் ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான முனையங்களில் பாதுகாப்புச் சோதனை உள்ளே நுழையும்போது நடக்காது, விமானம் ஏறும் கேட்டில்தான் நடக்கும். கடைகளைச் சுற்றிவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு கடைசி நிமிடத்தில் ஓடிவந்தால் அங்கே நின்று குடித்துத் தீர்க்க வேண்டியதுதான். நிலையத்தை ஒட்டிய ஜுவல் வளாகத்து அருவியைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், 40 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, அம்மாவுக்குப் பிடிக்கும். பினாங்குக்குப் பறக்க ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

பினாங்கு விமான நிலையம் பாயான் லெப்பாசில், தீவின் தென்கோடியில். தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் கார் கூப்பிடப் போட்ட கிராப் ஆப் இங்கேயும் வேலை செய்யும். தங்குவது ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே இருக்கட்டும். கடற்கரை ஹோட்டல் என்று பத்து ஃபெரிங்கி பக்கம் போய்விட்டால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் கார் பிடிக்க வேண்டும்.

1786இல் பிரான்சிஸ் லைட் வந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிடித்த ஊர். சோழமண்டலக் கரையிலிருந்து மரைக்காயர்களும் சிப்பாய்களும் கூலிகளும் அப்போதிருந்தே போய்ச் சேர்ந்தவர்கள். காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகத் தலைவர் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குவீன் தெருவில் 1833இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயில், சீனர்களின் குவான் யின் கோயில், ஆங்கிலேயரின் தேவாலயம் எல்லாம் நடந்துபோகிற தூரத்தில். 2008லிருந்து யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். இங்கே தெருக்கடைகளைச் சிங்கப்பூர் மாதிரி முழுக்கக் கூரைக்குள் தள்ளிவிடவில்லை. சக்கரம் வைத்த வண்டி மாலையில் தெருவோரம் வந்து நிற்கும், நள்ளிரவில் காணாமல் போகும். ஹாக்கர் கடையில் பிரதான சமையல்காரர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்று மாநில அரசு 2016லிருந்து விதி போட்டு வைத்திருக்கிறது. இது கொஞ்சம் கடுமையான விதிதான். ஆனால் அவர்களுக்குச் சாப்பாடு அவ்வளவு பெரிய விஷயம்.

காலையில் டிரான்ஸ்ஃபர் சாலைக்குப் போங்கள். தெருவோரத்தில் ரொட்டி சானாய் போடுகிறார்கள். நம் பரோட்டாவின் உறவுதான், இன்னும் மெல்லிசு, இன்னும் மொறுமொறுப்பு. சிங்கப்பூரில் இதையே பிராட்டா என்பார்கள். குழம்பை மேலேயே கொட்டித்தான் கொடுப்பார்கள். அம்மாவுக்கு வேண்டுமென்றால் மாவில் முட்டை உண்டா என்று கேட்டு, பருப்பு மட்டும் தனிக் கிண்ணத்தில் வாங்குங்கள். கறிக்குழம்புக் கரண்டி பருப்புக்குள் போய் வருவது அங்கே சகஜம். அதைவிட அவருக்குப் புட்டு மாயம் பாதுகாப்பு. பெயர்தான் புட்டு, பண்டம் நம் இடியாப்பம். தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் தூவித் தருவார்கள்.

மதியம் அசாம் லக்ஸா. சிங்கப்பூரில் சாப்பிட்டதை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். இதில் தேங்காய்ப்பாலே கிடையாது. கானாங்கெளுத்தி வகை மீனை வேகவைத்து முள் எடுத்து உதிர்த்து, புளித்தண்ணீரில் கரைத்த சாறு. அதில் தடிமனான அரிசி நூடுல்ஸ். மேலே பொடியாக நறுக்கிய வெள்ளரி, அன்னாசி, பச்சை வெங்காயம், புதினா, புங்கா கண்டான் என்ற இஞ்சிப்பூவின் இளஞ்சிவப்பு இதழ். கடைசியில் கரண்டியின் நுனியில் ஒரு கறுப்புக் கூழைத் தொங்கவிட்டுத் தருவார்கள், ஹே கோ, இறாலைப் புளிக்கவைத்த இனிப்புக் கூழ். அதைச் சாற்றில் கரைக்கும் வரை இது ஒரு புளிரசம். கரைத்தபின் வேறு ஒன்றாகிவிடும். நம் நாக்குக்கு, அதுவும் மீன்குழம்பு வீட்டுக்காரர்களுக்கு, சிங்கப்பூர் லக்ஸாவைவிட இதுதான் பிடிக்கும் என்பது என் அபிப்பிராயம். சிங்கப்பூர் நண்பர்களிடம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆயர் ஈத்தாம் பக்கம் கெக் லோக் சி கோயில் பார்க்கப் போகும்போது அங்கேயே சாப்பிடலாம். பாலிக் புலாவ் வரை போக நேரமிருந்தால் இன்னும் நல்லது.

இப்படியேதான் மற்றதும். ஹொக்கியன் மீ கேட்டால் சிங்கப்பூரில் இறால் சாற்றில் வதக்கிச் சுண்டவைத்த வெளிறிய நூடுல்ஸ் வரும். பினாங்கில் சிவந்த காரமான இறால் சூப் வரும். சார் குவே தியாவ் என்ற தட்டை அரிசி நூடுல்ஸ் வறுவல் சிங்கப்பூரில் கறுப்பு, இனிப்பு. பினாங்கில் இனிப்பு கிடையாது, கரியடுப்பில் ஒரு தட்டுக்கு ஒருமுறை என்று தனித்தனியாகப் போடுவார்கள். சியாம் சாலைக் கடையில் வரிசை நீளம், பொறுமை இருந்தால் நில்லுங்கள். சட்டியில் பன்றிக்கொழுப்பு உண்டு, அது ஆகாதவர்கள் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ரோஜாக் இரண்டு ஊரிலும் பழக்கலவைதான். பினாங்கில் ஹே கோ கெட்டியாகத் தேன்போலப் பழத்தை மூடியிருக்கும். சிங்கப்பூரில் பொரித்த மாவுத்துண்டெல்லாம் போட்டுக் கலந்திருப்பார்கள்.

காப்பிக்கடையில் உட்கார்ந்தால் பானம் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். இடம் காப்பிக்கடைக்காரருடையது, சாப்பாட்டு வண்டிகள் அவரிடம் வாடகைக்கு இருப்பவை. அவருக்கு வருமானம் டீயிலும் காப்பியிலும்தான். பானம் வாங்காதவரிடம் சில கடைகளில் தனியாகக் காசு கேட்பார்கள். நம் ஆட்கள் அதைப் பார்த்து ஏமாற்று என்று சண்டைக்குப் போவதுண்டு, வேண்டாம்.

வெயில் உச்சிக்கு வரும்போது கெங் குவீ சந்தில் செண்டோல். 1936லிருந்து இருக்கும் வண்டி. சீவிய ஐஸ், தேங்காய்ப்பால், கறுத்த பனைவெல்லப் பாகு, சிவப்புப் பயறு, பச்சை நிற அரிசிமாவுப் புழு. நின்றுகொண்டே குடித்துவிட்டு நகர வேண்டும், உட்கார இடமிருக்காது. அம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் கொடுக்கலாம்.

இரவுக்கு நாசி கண்டார். இதற்காகவே ஊருக்குப் போகலாம் என்பேன். தமிழ் முஸ்லிம்கள் காவடித்தண்டில் ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானை கட்டித் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு. ஹமீதியா 1907லிருந்து இருக்கிறது, பகலிலேயே திறந்திருக்கும், முர்தபாவும் நன்றாக இருக்கும். டீன் மஜு மதியத்துக்கு. பள்ளிவாசலை ஒட்டிய 'பெராத்தூர்' கடையில் திறப்பதற்கு முன்பே வரிசை நின்றுவிடும்.

வரிசையில் உங்கள் முறை வந்ததும் யோசிக்க நேரம் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகக் கோழி வறுவல், ஆட்டுக்கறி, மீன், கணவாய், இறால், மீன்முட்டை. தட்டில் சோற்றைக் கவிழ்ப்பார், நீங்கள் விரலைக் காட்டக் காட்ட எடுத்துப் போடுவார். கோழியை வெட்டுக்கத்தியால் நாலு போடு. பிறகு வெண்டைக்காய், முட்டைக்கோஸ். கடைசியில்தான் வித்தை. கோழிக்குழம்பில் ஒரு கரண்டி, மீன்குழம்பில் அரைக் கரண்டி, கணவாய் மசாலாவிலிருந்து எண்ணெய் மட்டும், கறுப்பு சோயாக் குழம்பில் ஒரு சொட்டு. சோறு மூழ்கிப்போகும். 'பஞ்சிர்' என்று சொன்னீர்கள் என்றால் வெள்ளமாகவே விடுவார். வீட்டில் குழம்பைக் கலந்தால் திட்டு விழும், இங்கே கலப்புதான் சாப்பாடே. தமிழில் பேசுங்கள், பல கடைகளில் தமிழிலேயே பதில் வரும். ஒன்று மட்டும் கவனம்: பெரிய இறால், மீன்முட்டை, கணவாய் இதற்கெல்லாம் விலை எழுதியிருக்காது. போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லைப் பார்த்தபின் கேட்டுப் பயனில்லை.

அம்மாவுக்கு இந்த ஊரில் உள்ள பெரிய ஆபத்து பெலாச்சான், அதாவது இறால் விழுது. காய்கறிக் கூட்டு என்று சொல்லிக் கொடுத்தாலும் சம்பாலில் அது இருக்கும். கங்குங் கீரை வதக்கல் பார்க்கச் சுத்த சைவம், உள்ளே பெலாச்சான். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் இறால் விழுது இறைச்சியில் சேராது. அதனால் ஜார்ஜ் டவுனிலும் உள்ள குட்டி இந்தியாவின் சைவ உணவகங்கள், சீனச் சைவக் கடைகள் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி. தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் ஒரு யோசனை. செப்டம்பர் அல்லது அக்டோபரில், சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள், ஒன்பது பேரரசர் திருவிழா. பினாங்குச் சீனர்கள் ஏராளமானோர் அந்த நாட்களில் சைவம். தெருவெல்லாம் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைக்கும். மற்ற நாளில் அம்மாவால் தொடமுடியாத பல பண்டங்களின் சைவ வடிவம் அப்போது கிடைக்கும். தைப்பூசத்துக்கு வந்தால் தண்ணீர்ப் பந்தல்களில் சாப்பாடே இலவசம், ஆனால் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

டுரியான் பற்றிக் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை பினாங்கில் சீசன், பாலிக் புலாவ் தோட்டத்துப் பழம் பெயர் பெற்றது. கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஹோட்டல்களில் அனுமதி இல்லை, சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் ஏற்றக்கூட முடியாது. நாற்றத்துக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம், பலாப்பழக்காரர்கள் நாம்.

நாள் கணக்கு: சிங்கப்பூருக்கு இரண்டரை, மிச்சம் பினாங்குக்கு. ஒரு நாளைக்கு ஐந்து சின்னச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கு ஒரு தட்டு வாங்குங்கள். ஹோட்டலில் காலை உணவு சேர்த்த அறையை எடுக்காதீர்கள், அந்தக் காசுக்கு வெளியே ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலாம்.

ஊருக்குக் கொண்டுபோக தாவ் சார் பியா என்ற பாசிப்பருப்பு பிஸ்கட் வாங்குங்கள். பழைய முறையில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், அம்மாவுக்கென்று சைவப் பெட்டி தனியாகக் கேட்க வேண்டும். ஜாதிக்காய் ஊறலும் நன்றாக இருக்கும். ஹே கோ டப்பா வாங்கினால் இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, பதிவு செய்யும் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்தால் பாயான் லெப்பாசில் அதைத் திரவக் கணக்கில் சேர்த்து எடுத்துவிடுவார்கள்.